செய்து பார்த்தவர் பெயர்

மூணாவது தடவைன்னு நீங்க சொல்றது சரிதானுங்ணா. இந்த மாசத்துல மூணாவது கம்ப்ளெயின்ட்டு. நான் இல்லைன்னு சொல்லலையே. முதல்ல வந்தவரு ஒல்லியா ஒருத்தரு, போன வாரம் வந்தவரு கண்ணாடி போட்டவரு, இன்னைக்கு நீங்க. மூணு பேரும் ஒண்ணையேதான் சொல்றீங்க, ரவுட்டர்ல இருந்து ஒயரு கழண்டு கெடந்துச்சுன்னு. அது எப்படிக் கழலுதுன்னு எனக்கென்னங்க தெரியும். பூனை கீனை வந்திருக்கும். மூணாவது மாடிதான், ஒத்துக்கறேன். பூனைக்கு மாடியெல்லாம் ஒரு கணக்காங்க?

உக்காருங்க. பச்சை லைட்டு நிக்குதான்னு பார்த்துட்டுப் போங்க. போன தடவை அவரு கேட்டைத் தாண்டறதுக்குள்ள மறுபடி போயிருச்சு. ஓ.டி.பி.ங்களா? போன்ல வந்திருக்கும். தர்றேனுங்க, தராம எங்க போகப்போறேன். அதைக் குடுத்தாத்தான் உங்களுக்குக் கம்ப்ளெயின்ட் முடியும்னு எனக்குத் தெரியாதுங்களா. சித்த நேரம் உக்காருங்க, டீ வெக்கறேன். பாலெல்லாம் இருக்குதுங்க. அரை லிட்டர் வாங்கறேன், பாதி வீணாத்தான் போகுது.

பட்டப்பகல்ல ஊட்டுல இருக்கறானே, என்ன வேலை பார்க்கறான்னு தோணும் உங்களுக்கு. கீழ் வீட்டுக்காரங்களுக்கும் அதே சந்தேகந்தான். நான் எழுதறவனுங்க. கதை கிதை இல்லீங்க, பயந்துக்காதீங்க. கம்ப்யூட்டர் சம்பந்தமா வெளிநாட்டுப் பத்திரிகைக இருக்குதுங்க, காகிதத்துல வர்றதில்ல, இன்டர்நெட்லதான். இதை எப்படி ஏத்தறது, அதை எப்படி இதோட சேர்க்கறதுன்னு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு படிப்படியா எழுதிக் குடுத்தா காசு தருவாங்க. மாசச் சம்பளமெல்லாம் இல்ல, கட்டுரைக்கு இவ்வளவுன்னு.

அதுக்கு முன்னால பம்ப்செட் கம்பெனில பதினோரு வருசமுங்க. மோட்டார் வாங்கினா டப்பாக்குள்ள ஒரு சின்ன புக்கு இருக்குமே, தண்ணியில்லாம ஓட்டாதீங்க, எர்த் குடுங்கன்னு, அதை எழுதினது நாந்தான். நீங்க படிச்சிருக்க மாட்டீங்க. யாருமே படிச்சதில்ல. மோட்டார் ஆடாம இருக்க அதையே மடிச்சு அடியில முட்டுக் குடுத்திருப்பாங்க. அப்பறம் சரவணம்பட்டில ஒரு சாப்ட்வேர் கம்பெனி. அங்கயும் அதே வேலைதான், மோட்டாருக்குப் பதிலா சாப்ட்வேர். ஒரு நாள் எல்லாரையும் மீட்டிங்னு கூப்பிட்டாங்க. கேக்கு வெட்டப் போறாங்கன்னு நெனச்சுப் போனோம், கம்பெனியை மூடறோம்னாங்க. எனக்கு அப்போ நாப்பத்தி ரெண்டு வயசு. அந்த வயசுல இன்டர்வியூவுக்குப் போய் உக்காந்தா, பையனைக் கொண்டாந்து விட வந்தீங்களான்னு கேட்பாங்க.

அப்பறந்தான் இந்த எழுத்து வேலை. இதுல ஒரு விசயம் சொல்றேன் கேளுங்க. எழுதறது கால்வாசிதானுங்க. எங்க எழுதலாம்னு தேடறது முக்கால்வாசி. ஒவ்வொரு பத்திரிகைலயும் அடியில, கண்ணுக்கே தெரியாத எழுத்துல, எங்களுக்கு எழுதுங்கன்னு ஒரு பக்கம் இருக்கும். அதைப் பார்த்ததும் பாய்ஞ்சிரக்கூடாது. கடைசியாக் கட்டுரை போட்டது எப்பன்னு பார்க்கணும். எட்டு மாசமா ஒண்ணும் போடலைன்னா கடையை மூடியாச்சு, போர்டை இறக்க மறந்துட்டாங்கன்னு அர்த்தம். அப்பறம் அதுல முன்னால எழுதின ஒருத்தரைத் தேடிப் புடிச்சு, ஐயா, சொன்ன காசைக் குடுத்தாங்களான்னு கேட்கணும். சில இடத்துல காசு கெடையாது, உங்க பேரு வரும்பாங்க. பேரை வெச்சு நாக்கையா வழிக்கறதுன்னு கேட்பேன் நான். கோகிலா சிரிப்பா. "பேரு வந்தா நல்லாத்தானுங்களே இருக்கும்"பா. கோகிலாங்கறது எங்க வீட்டுக்காரிங்க. கோகிலவாணி.

அப்படித் தேடித் தேடி நூத்தி நாப்பத்தி மூணு பத்திரிகைக்கு ஒரு பட்டியல் போட்டு வெச்சேன். எடிட்டர் பேரு, என்ன மாதிரி விசயம் புடிக்கும், எத்தனை நாள்ல பதில் போடுவாங்க, எல்லாம் அதுல இருக்கும். இன்னைக்கு வரைக்கும் அந்தப் பட்டியல் மாதிரி இந்தக் கோயமுத்தூர்ல யாருகிட்டயும் இருக்காதுங்க. இந்த மாதிரி ஒண்ணு எழுதட்டுங்களா, போடுவீங்களான்னு கேட்டு மெயில் அனுப்பணும். பிட்ச்சுன்னு சொல்லுவாங்க. ஒரு யோசனையை ஒரு நேரத்துல ஒருத்தருக்குத்தான் அனுப்பலாம். ரெண்டு பேருக்கு அனுப்பி ரெண்டு பேரும் சரின்னுட்டா மானம் போயிரும். முக்கால்வாசிப் பேரு பதிலே போட மாட்டாங்க. வேண்டாம்னு ஒரு வரி வந்தாலே எனக்கு அது நல்ல நாளுங்க. அதுலயும் மேல, அன்புள்ள சென்னியப்பன்னு போட்டுத்தானே ஆரம்பிப்பாங்க. இப்பெல்லாம் ஒரு நாள் முழுக்க என் பேரைச் சொல்றதுக்கு வேற யாரு இருக்காங்க சொல்லுங்க.

சர்க்கரை போதுங்களா? லைட்டைப் பாருங்க, ஒரு தடவை சிமிட்டுன மாதிரி இருந்துச்சு. இல்லீங்களா? சரி.

கோகிலாவைப் பத்திச் சொன்னேனில்ல. கல்யாணத்துக்கு முன்னால அவ பெரிய கடைவீதில ஒரு ஜவுளிக்கடையில பில்லு போட்டுக்கிட்டு இருந்தவ. பி.காம். கம்ப்யூட்டரைத் தெரியும், அதுக்குள்ள என்ன இருக்குதுன்னு தெரியாது. எனக்கு அந்த மாதிரி ஆளுதான் வேணும். ஏன்னா பாருங்க, நான் எழுதற படிகளைத் தெரிஞ்சவன் செஞ்சு பார்த்தா விட்டதை அவனா நெரப்பிக்குவான். தெரியாதவங்கதான் எழுதினதை எழுதின மாதிரியே செய்வாங்க. அதனால கட்டுரை எழுதி முடிச்சதும் இந்தா பாருன்னு லேப்டாப்பை அவ முன்னால வெச்சிருவேன். அவ ஒவ்வொரு படியா வாய்விட்டுப் படிச்சுச் செய்வா. எங்கயாவது நின்னுட்டா, "ஏனுங்க, வரலைங்க"ம்பா.

"வரும், நல்லாப் பாரு"ம்பேன் நான்.

"நல்லாத்தானுங்க பார்த்தேன். வரலைங்க."

"வரும் கோகிலா. நான் பத்துத் தடவை செஞ்சு பார்த்தாச்சு."

அப்பறம் நான் எந்திரிச்சுப் போய் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருப்பேன். கால் மணி நேரம் கழிச்சு வந்து பார்த்தா, நடுவுல நான் ஒரு படியை எழுதாம விட்டிருப்பேன். அவகிட்டச் சொல்ல மாட்டேன், கமுக்கமாச் சேர்த்துருவேன். அவளும் கேட்க மாட்டா. நல்ல குணமுங்க அவளுக்கு. நாலு வருசம் அப்படியே ஓடுச்சு. ஹென்ரிக்னு ஒரு எடிட்டரு, நல்ல பத்திரிகை, நல்ல காசு. அவரு ஒரு தடவை எழுதினாரு, உங்க கட்டுரைல மட்டுந்தான் ஒரு படி கூடத் தப்புறதில்ல, எப்படி எழுதறீங்கன்னு. அந்த மெயிலை பிரிண்ட் எடுத்து வெச்சிருக்கேன். அனுபவம்னு பதில் போட்டேன்.

எங்களுக்குக் குழந்தைங்க இல்லீங்க. இதுதான் எங்க சாயங்காலம். நான் எழுதுவேன், அவ செஞ்சு பார்ப்பா, அப்பறம் சாப்பிடுவோம்.

நாலாவது வருசம் அவளா ஒண்ணு எழுதிட்டா. எனக்குச் சொல்லவே இல்லீங்க. என் பட்டியலை எடுத்துப் பார்த்து, ஹென்ரிக்குக்கே எழுதியிருக்கா. முதல் தடவையா ஒண்ணைச் செய்யறவங்க எந்தெந்த எடத்துல நின்னுருவாங்க, ஏன் நின்னுருவாங்கன்னு. நாலு வருசமா நின்னவளுக்குத் தெரியாதுங்களா. அவரு எடுத்துக்கிட்டாரு. மேல அவ பேரு, கோகிலவாணின்னு. நான் சந்தோசந்தான் பட்டேனுங்க. கொஞ்சம் இங்கிலீஷ் அங்கங்க நெளிஞ்சிருந்துச்சு, சொன்னேன். அப்பறம் ரெண்டாவது, மூணாவது. வெளிநாட்டுக் காசு வாங்கற கணக்கு என் பேருலதான் இருந்துச்சு, அதுலயே அவளோடதும் வந்துச்சு. ஒரே வீடு, ஒரே கணக்கு, அதுல என்ன இருக்குது. அவ அந்த மூணையும் திருப்பூர்ல இருக்கற அவங்க அக்காவுக்கு அனுப்பினா. அக்காவுக்கு ஒரு வரி புரிஞ்சிருக்காது. பேரைப் பார்த்திருப்பாங்க.

இப்பத்தான் விசயத்துக்கு வர்றேன். ஒரு நாள் சோறு போட்டுக்கிட்டே அவ ஒரு கதை சொன்னா. ஜவுளிக்கடைல இருக்கறப்ப, தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை, கம்ப்யூட்டர் படுத்துருச்சாம். பில்லுக் கணக்குக்கெல்லாம் பேக்கப் நகல் எடுத்து வெச்சிருக்கோம், பயப்படாதீங்கன்னாராம் முதலாளி. நகலைத் திறந்தா திறக்கலையாம். ஒரு வருசமாத் தெனமும் எடுத்த நகலு, ஒருத்தரும் திறந்து பார்த்ததில்ல. எரநூறு பேரு பையோட நிக்கறாங்க, இவ கையால பில்லு எழுதியிருக்கா. "நகல் எடுக்கறது எப்படின்னு எல்லாருமே எழுதறாங்க. எடுத்தது திறக்குதான்னு பார்க்கறதை ஒருத்தரும் எழுதலைங்களே"ன்னா. நான் மோர் ஊத்துன்னேன்.

ரெண்டு நாள் கழிச்சுக் குளிக்கறப்ப எனக்கு ஒரு யோசனை வந்துச்சுங்க. நகல் எடுத்தா மட்டும் போதாது, திறக்குதான்னு பார்க்கறது எப்படின்னு ஒரு கட்டுரை. சத்தியமாச் சொல்றேன், எனக்கா வந்துச்சுன்னுதான் நெனச்சேன். துண்டோட வந்து உக்காந்து ஹென்ரிக்குக்குப் பிட்ச் அனுப்பிட்டேன். அவளும் அதே வாரம் அவருக்கே அனுப்பியிருக்கா. வேற எங்க அனுப்புவா, அவளுக்குத் தெரிஞ்ச எடிட்டர் அவரு ஒருத்தர்தானே.

நீங்க அந்த எடத்துல இருந்து பாருங்க. ரெண்டு பேரு, ஒரே ஊரு, ஒரே பேங்குக் கணக்கு, ஒரே யோசனை, மூணு நாள் வித்தியாசம். அவரு என்ன நெனைப்பாரு? காலைல பத்து மணிக்கு மெயில் வந்துச்சு. எனக்கு மட்டும் போட்டிருந்தாரு, கணக்கு என் பேருலதானே. நீங்க ஒருத்தரே ரெண்டு பேரு வெச்சுக்கிட்டு எழுதறீங்களா, எங்க பத்திரிகைல ஒரு ஆளுக்கு ஒரு பேருதான், ஒளிக்காமச் சொல்லிருங்க, இல்லைன்னா ரெண்டு பேரையும் நிறுத்த வேண்டி வரும்னு. கோகிலா ரேஷன் கடைக்குப் போயிருந்தா.

நான் பத்து நிமிசத்துல பதில் போட்டேன். ஆமாங்க, கோகிலவாணிங்கறது நாந்தான், என் புனைபெயரு, மன்னிச்சுக்குங்க, இனிமே அந்தப் பேருல எழுத மாட்டேன்னு.

ஏனுங்ணா அப்படிப் பார்க்கறீங்க? ரோசனை பண்ணிப் பாருங்க. பொண்டாட்டின்னு சொன்னா அவரு நம்புவாரா? கல்யாணப் பத்திரிகையா அனுப்ப முடியும்? எடிட்டருங்களுக்கு நீட்டி எழுதினா ஆகாதுங்க, ரெண்டு வரில முடிக்கணும். இதுதான் ரெண்டு வரில முடிஞ்சுது. அப்பறம், ரெண்டுல ஒண்ணுதான் நிக்கும்னா எது நிக்கணும்? என்னது இருபத்தி மூணு கட்டுரை. அவளது மூணு. கடையில எது ஓடுதோ அதைத்தானே முன்னால வெப்பாங்க. வீட்டுக்காகத்தானுங்க செஞ்சேன்.

அவரு பெரிய மனுசன், மன்னிச்சுட்டாரு. அந்த மூணு கட்டுரைலயும் பேரை மாத்தி என் பேரைப் போட்டாரு. நான் கேட்கலீங்க, அவங்க முறை அது. நகல் கட்டுரை மட்டும் வேண்டாம்னுட்டாரு.

அவகிட்ட நான் சொல்லலை. சொல்லணும்னுதான் இருந்தேன். ஒரு ஞாயித்துக்கிழமை அவங்க அக்கா வந்திருந்தாங்க, பிள்ளைகளோட. அந்தப் பிள்ளைககிட்டக் காட்டறதுக்காக அவ லேப்டாப்பைத் திறந்தா. சித்தி எழுதினது பாருங்கன்னு. மேல சென்னியப்பன்னு இருந்துச்சு. மூத்த புள்ள, "இது சித்தப்பா பேருங்க சித்தி"ன்னுச்சு. கோகிலா, தப்பாத் திறந்துட்டேன் கண்ணுன்னு மூடி வெச்சுட்டு, எல்லாருக்கும் பஜ்ஜி போடப் போயிட்டா.

அவங்க போனதும் கேட்டா, நான் சொன்னேன். சத்தம் போடுவான்னு பார்த்தேன். போட்டிருந்தாத் தேவலைங்க. "அவருக்கு ஒரு மெயில் போடுங்க. அது நீங்க இல்ல, அப்படி ஒருத்தி இருக்கறான்னு. வேற ஒண்ணும் வேண்டாம்"ன்னா. ஒரு மாசம் ஆறட்டும்னேன். ஒரு மாசம் கழிச்சுக் கேட்டா. இப்பத்தானே அவரு புதுசா ரெண்டு கட்டுரை குடுத்திருக்காரு, இந்த நேரத்துலயான்னேன். மூணாவது தடவை அவ கேட்கலை. மறந்துட்டான்னு நெனச்சேன்.

செஞ்சு பார்த்துக் குடுத்துக்கிட்டுத்தான் இருந்தா. ஆனா வரலைன்னு சொல்றது நின்னு போச்சு. எதைக் குடுத்தாலும் "வந்துருச்சுங்க"ம்பா. எனக்குச் சந்தோசம், பரவால்ல, நம்ம கை தேறிருச்சுன்னு. அனுப்பினா ஹென்ரிக்கிட்ட இருந்து திரும்பி வரும், நாலாவது படி வேலை செய்யலை, ஏழாவது வேலை செய்யலைன்னு.

ஆறு மாசத்துல பெங்களூர்ல ஒரு பத்திரிகை ஆபீசுல வேலைக்குப் போயிட்டா. என் பட்டியல்ல இருந்துதான் அந்தப் பத்திரிகையைப் புடிச்சிருக்கா, எனக்கு அப்பறந்தான் தெரிஞ்சுது. பிரிஞ்சுட்டோம்னெல்லாம் சொல்ல முடியாதுங்க. வேலைக்குப் போயிருக்கா. இப்பெல்லாம் எத்தனை குடும்பத்துல ஆளுக்கொரு ஊர்ல இருக்கறாங்க. ரெண்டு வருசம் ஆச்சு. பொங்கலுக்கு அக்கா வீட்டுக்கு வந்துட்டுப் போறாளாம். திருப்பூர் என்ன, ஒரு மணி நேரந்தான்.

ஹென்ரிக்குக்குப் போன சித்திரைல எழுதினேனுங்க. எழுதவே இல்லைன்னு நெனச்சுக்காதீங்க. கோகிலவாணி தனி ஆளு, நான் பொய் சொல்லிட்டேன், அந்த மூணும் அவ எழுதினதுன்னு. நாலே வரி. மெயிலு அப்படியே திரும்பி வந்துருச்சு, இந்த முகவரில யாரும் இல்லைன்னு. பத்திரிகையை அதுக்கு முந்தின மாசந்தான் மூடியிருக்காங்க. நூத்தி நாப்பத்தி மூணுல இப்ப முப்பத்தி எட்டுதான் உசுரோட இருக்குது. சனங்க இப்ப எதுன்னாலும் ஏ.ஐ. மெசினைக் கேட்டுக்கறாங்க, பத்திரிகையை யாரு படிக்கறாங்க. அவங்க மூடறப்ப கட்டுரையையும் சேர்த்து எடுத்துட்டாங்க. என் பேருல இருந்த அவளோடது மூணு, என்னோடது எல்லாமே போச்சு.

இருங்க, இன்னும் இருக்குது. மணி பன்னெண்டரைதானே ஆகுது. அடுத்த வீடு எங்கீங்க? விளாங்குறிச்சியா? பத்து நிமிசம்.

ஆவணி மாசம் ஒரு புதுப் பத்திரிகையைப் பார்த்தேன். நல்ல காசு, ஒழுங்கா மாசம் பத்துக் கட்டுரை போடறாங்க. எங்களுக்கு எழுதுங்கங்கற பக்கத்துக்குப் போனா, அடியில எடிட்டர் பேரு. கோகிலவாணி அர்த்தநாரி. அர்த்தநாரிங்கறது என் மாமனாரு. எந்திரிச்சு நடந்துட்டு, மறுபடி வந்து பார்த்தேன். அவளேதான், முன்னால சேர்ந்த பத்திரிகைல இருந்து இங்க மாறியிருக்கா போல. சின்னதா போட்டோவும் இருந்துச்சு. முடியைக் குட்டையா வெட்டியிருக்கா.

போன் பண்ணலாமான்னு நெனச்சேன். என்னன்னு பேசறது? பிட்ச் அனுப்பினேன். மத்தவங்களுக்கு எழுதற மாதிரியே, மதிப்பிற்குரிய ஆசிரியருக்குன்னு. எனக்கு எழுத வர்றது அதுதானுங்க. நாலு நாள்ல பதில் வந்துச்சு. அன்புள்ள சென்னியப்பன், உங்கள் யோசனைக்கு நன்றி, இது எங்களுக்குப் பொருந்தாதுன்னு. எல்லாருக்கும் போற பதிலுதான், தெரியும். ஆனா அதை அனுப்ப அவ என் பேரை டைப் பண்ணியிருக்கணுமில்லீங்க. இதுவும் தானாப் போற மெயிலா இருக்குமா? இருக்காதுன்னுதான் நெனைக்கறேன்.

மறுபடி அனுப்பினேன். மறுபடி பொருந்தாதுன்னா. மாசம் ஒண்ணு அனுப்பினேன். ஒரு கட்டத்துல நல்ல யோசனையா இருக்கணும்னு கூட இல்ல, பதில் வந்தாப் போதும்னு ஆயிருச்சு. அஞ்சாவதை எடுத்துக்கிட்டா! போன்ல எடுக்கற போட்டோவெல்லாம் தானா ஊட்டுக் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்ற மாதிரி செய்யறது எப்படின்னு. பதினாலு படி. எடுத்துக்கிட்டேன்னு மெயில் வந்த அன்னைக்குக் கீழ் வீட்டுக்குப் போய் ஸ்வீட் குடுத்தேனுங்க. என்ன விசேசம்னாங்க. எங்க வீட்டுக்காரி மெயில் போட்டிருக்கான்னேன்.

ஆனா அதுல ஒரு விதி இருக்குது. அவ கொண்டு வந்த விதியாத்தான் இருக்கணும், வேற எந்தப் பத்திரிகைலயும் நான் பார்த்ததில்ல. எழுதினவர் இல்லாம இன்னொரு ஆளு எல்லாப் படியையும் செஞ்சு பார்த்திருக்கணும். கட்டுரைக்கு அடியில, எழுதினவர் பேருக்குக் கீழயே, செய்து பார்த்தவர்னு அந்த ஆளோட பேரும் வரும். பேரு இல்லாம அங்க கட்டுரையே வராது.

நான் என்ன பண்ணினேன் தெரியுங்களா, பாரத்துல அந்தப் பேரு எழுதற கட்டத்துல அவ பேரையே எழுதி அனுப்பினேன். கோகிலவாணின்னு. பார்த்ததும் அவளுக்கு மனசு எளகிரும்னு நெனச்சேன். நாலு வருசம் செஞ்சு பார்த்தவளாச்சே, அன்னைக்குப் போடாத பேரை இன்னைக்குப் போட்டுட்டேன், கணக்கு நேராயிருச்சுன்னு. அன்னைக்கே பதில் வந்துச்சு. ரெண்டே வரி. இங்கிலீஷ்லதான். எனக்கும் அவளுக்கும் நடுவுல இப்ப இங்கிலீஷ்தானுங்க. "இவர் இதைச் செய்து பார்க்கவில்லை. செய்து பார்த்தவர் பெயரை இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும்."

அன்னைக்கே பதில் போட்டுட்டா பாருங்க. மத்ததுக்கெல்லாம் நாலு நாள் ஆகும்.

இன்னைக்கு வியாழன், நாளைக்குத்தான் அந்த வெள்ளி. அதனாலதானுங்ணா உங்களை உக்காரச் சொன்னேன். முதல்ல வந்த ஒல்லிக்காரரு, அவசரம்னு ஓடிட்டாரு. கண்ணாடிக்காரரு நாலு படி வரைக்கும் வந்தாரு, போன் வந்துருச்சு. கீழ் வீட்டுல கேட்க முடியாதுங்க, வீட்டுக்காரி மெயில் போட்டான்னு ஸ்வீட்டு குடுத்துட்டு, இப்ப இதைப் போய்க் கேட்டா மானம் போயிரும். வேற யாரு இருக்காங்க எனக்கு? ஆபீஸ்ல இருந்தவங்க எல்லாம் ஆளுக்கொரு பக்கம் போயாச்சு. சொந்தக்காரங்ககிட்டப் பேசினா முதல் கேள்வியே, கோகிலா எப்ப வர்றாங்கறதுதான். அதனால பேசறதில்ல. எனக்குன்னு யாருமே இல்லீங்க. இதை இப்படி வாயை விட்டுச் சொன்னது இன்னைக்குத்தான்.

இந்தாங்க, லேப்டாப்பைப் புடிங்க. பதினாலே படி, அரை மணி நேரங்கூட ஆகாது. நீங்க லைன் வேலை செய்யறவரு, கொஞ்சம் தெரியுந்தான், இருந்தாலும் பரவால்ல. ஒண்ணு மட்டும், எழுதியிருக்கறதை மட்டும் செய்யணும், நீங்களா எதையும் சேர்த்துக்கக்கூடாது. முடிச்சதும் ஓ.டி.பி. தர்றேன்.

ஆமாங்க, அதேதான். அழுத்துங்க. மூணு வந்துருச்சுங்களா? பார்த்தீங்களா, எவ்வளவு தெளிவா இருக்குது. பத்து வருசத்துக்கு மேல இதே வேலையில்லீங்க. நீங்களும் கோகிலா மாதிரியே விரலை வெச்சுப் படிக்கறீங்க. டீ ஆறுது, குடிச்சுட்டே பாருங்க. ஆறு, ஏழு... போன்ல சரின்னு குடுங்க. எட்டும் முடிஞ்சுது. அடுத்தது.

வரலையா?

வரும். நல்லாப் பாருங்க. பத்துத் தடவை நான் செஞ்சு பார்த்ததுங்க அது. ஒன்பதாவதுல நீங்க வேற எதையாவது அழுத்தியிருப்பீங்க. அழுத்தலையா? அப்ப மறுபடி எட்டுல இருந்து வாங்க. வரும்ங்கறேன்.

சரி, போனை எடுங்க. பேசுங்க.

போகணுங்களா? இன்னும் ஆறே படிதானே. விடுங்க, விடுங்க, விளாங்குறிச்சிக்காரங்களும் மனுசங்கதான், அவங்களுக்கும் லைன் வேணும். ஒன்பதுல என்ன இருக்குது, பொழுதோட நானே பார்த்துக்கறேன். உங்க பேரு மட்டும் சொல்லிட்டுப் போங்க, அந்தக் கட்டத்துல போட்டு அனுப்பிடறேன். உங்க பேரு உலகம் பூராத் தெரியும், உங்க ஊட்டுல காட்டலாம். இவ்வளவு நேரம் பேசறேன், பேரைக் கேட்கவே இல்ல பாருங்க.

ஏனுங்க வேண்டாம்?

முடிக்கலைன்னா என்னங்க? யாரு வந்து கேட்கப் போறாங்க, இவரு பதினாலும் செஞ்சாரான்னு? பெங்களூர்ல இருந்து வந்தா பார்க்கப் போறா? ஒரு பேருதானே.

...

நீங்களும் அதையேதான் சொல்றீங்க. செய்யாததுக்கு என் பேரைப் போடாதீங்கன்னு. கோபமாக் கூடச் சொல்லலை. கோகிலாவும் அப்படித்தான்.

இந்தாங்க ஓ.டி.பி. நாலு, ஒண்ணு, ஒண்ணு, ஏழு. ஆயிருச்சுங்களா? சரிங்க. பச்சை லைட்டும் நின்னுருச்சு. ஒயரு இனிமே கழலாது. பூனை வராது. பைய எடுத்துக்கிட்டீங்களா, டெஸ்டரு அந்தச் செல்ப் மேல இருக்குது பாருங்க.

படில பார்த்துப் போங்க, ரெண்டாவது மாடில லைட்டு எரியாது.

அண்ணா, ஒரு நிமிசம். போறதுக்கு முன்னால இதை மட்டும் சொல்லிட்டுப் போங்க. பேரெல்லாம் கேட்கலை. ஒன்பதாவதுல வரலைன்னீங்களே. அப்ப என்னதானுங்க வந்துச்சு உங்களுக்கு?